எட்டாம் வரியும் ஒன்பதாம் வரியும்

ஆராவ்
11.5.1986, ஞாயிறு

அன்புள்ள மச்சாளுக்கு,

1944 செப்டம்பர் 7, வியாழக்கிழமை, காலை 6.15 மணி. இருபது பேர்.

பயப்பட வேண்டாம், இது எங்கள் ஆட்களைப் பற்றியது அல்ல. வட இத்தாலியில் மொன்தெராவோ என்று ஒரு மலைக் கிராமம். அப்போது ஜெர்மன் படை அந்தப் பகுதியைப் பிடித்து வைத்திருந்தது. காட்டுக்குள் இருந்த போராளிகள் பாலத்தடியில் இரண்டு சிப்பாய்களைச் சுட்டார்கள். மறுநாள் விடியப் படை வந்தது. ஊராரில் அகப்பட்டவர்களைத் தேவாலய மதிலோடு நிறுத்திச் சுட்டுவிட்டுப் போனது.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? ஒரு சத்தியக் கடதாசி இப்படித்தான் தொடங்க வேண்டும். திகதி, நேரம், தொகை. நான் மாசியில் உங்களிடம் கேட்டதும் இந்த மூன்றைத்தான். இன்று வைகாசி. நீங்கள் அனுப்பியது அரைக் கிலோ மிளகாய்த்தூள்.

திரும்பச் சொல்கிறேன். கார்த்திகையில் சந்தியில் அண்ணையையும் சேர்த்துச் செத்தவர்கள் ஒன்பது பேர் என்று இங்கே முதல் அகதி விசாரணையில் சொல்லியிருக்கிறேன். பேப்பரில் ஒன்பது. ரேடியோவில் ஒன்பது. ஊர் விதானையார் அரசாங்கத்துக்குக் கொடுத்த பட்டியலிலும் ஒன்பது. சமாதான நீதவான் ஒருவர் முன்னால் நீங்களும் ஒன்பது என்று கையெழுத்து வைத்தால் எல்லாம் பொருந்தும். இங்கே அதிகாரிகள் துக்கம் விசாரிப்பதில்லை. பொருந்தாத இடத்தைத் தேடுகிறார்கள். அகப்பட்டால் ஆளைத் திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டாவது விசாரணை ஆவணிக்குப் பிறகு வருமாம். அதற்குள் கடதாசி வேண்டும்.

இத்தாலிக் கதை எனக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வேலை கிடைத்திருக்கிறது, கல்லறைக் கல் செய்கிற பட்டறையில். படவரைஞராகப் படித்தவனுக்கு இது ஒரு வேலையா என்று கேட்க வேண்டாம். எழுத்து வரைய என் கை நல்லது என்று மைஸ்டர், பட்டறையின் தலைவர், சொல்கிறார். இப்போது வெட்டவும் விடுகிறார். என் அறைக்காரன் பத்மநாதன் ஹோட்டலில் கோப்பை கழுவுகிறான். அவன் என்னைப் 'பிரேத இஞ்சினியர்' என்கிறான். அவனுடைய கையைவிட என்னுடைய கை காய்ந்திருக்கிறது என்று பொறாமை.

பட்டறையில் எர்னெஸ்தோ என்று ஒரு இத்தாலியன், வயது ஐம்பத்துநாலு. மொன்தெராவோ அவனுடைய ஊர். செப்டம்பரில் ஊரில் வைக்க ஒரு நினைவுக் கல் செய்கிறான். பெயர்களை வரைந்து வெட்டித் தரச் சொல்லி என்னிடம் பாதிரியார் எழுதிய பட்டியலைத் தந்தான். தானே ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன். கை நடுங்குமாம். பட்டியலைப் பார்க்கக்கூட மாட்டான், மடித்தபடியே தந்தான்.

பட்டியலில் பிழை இருந்தது. இருபத்தொரு வரி. எட்டாம் வரியும் ஒன்பதாம் வரியும் ஒரே பெயர்: பியேத்ரோ மரானி, பியேத்ரோ மரானி. செத்த சிப்பாய் ஒருவனுக்கு ஊரார் பத்துப் பேர் என்று படை சுவரில் ஒட்டிய அறிவித்தல் இருக்கிறது, எர்னெஸ்தோவே சொன்னது. இரண்டு தரம் பத்து இருபது. பாதிரியார் கைதவறி இரண்டு முறை எழுதிவிட்டார். ஒன்றை அடித்துவிட்டேன். இப்போது நிரலுக்குப் பத்தாக இரண்டு நிரல், கல்லில் அச்சாக உட்காருகிறது.

இப்படித்தான் மச்சாள், பார்த்தால் பிழை தெரியும், தெரிந்தால் திருத்தலாம். ஒரு பின்னேரத்து வேலை. உங்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான்.

பாலேந்திரன்

*

யாழ்ப்பாணம்
2.6.1986

தம்பி பாலேந்திரனுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையை ஆரோ திறந்து பார்த்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். அதனால் நான் சிலதைப் பெயர் சொல்லி எழுத மாட்டேன். உமக்கு விளங்கும்.

நீர் எழுதினது கடிதம் மாதிரி இல்லை, கந்தோரிலிருந்து வந்த நினைவூட்டல் மாதிரி இருந்தது. உமது அண்ணை இருந்திருந்தால் 'புனிதம், இவனுக்குப் பதில் போடாதை, முத்திரை ஒட்டின விண்ணப்பமாய் அனுப்பு' என்று பகிடி பண்ணியிருப்பார்.

கையெழுத்து வைக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஒன்பது என்று வைக்க மாட்டேன்.

அன்றைக்குச் சந்தியில் கிடந்தது பத்துப் பேர். அது உமக்கும் தெரியும். பத்துப் பேரையும் மூடின சாரங்களில் இரண்டு நம்முடைய கொடியிலிருந்து நீர் உருவிக்கொண்டு ஓடினவை. பத்தாவது ஆள் தையல் மெசின் திருத்த வந்தவர். என்னுடைய மெசினைத் திருத்தத்தான் வந்தவர். ரேடியோ அவரைச் சொல்லவில்லை, ஏனென்றால் விதானையாரின் பட்டியலில் அவர் இல்லை. பட்டியலில் ஏன் இல்லை? அதை எழுதினது நீர். விதானையார் வீட்டு மேசையில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி எழுதினீர். பெயர், வயது, வட்டாரம் மூன்றும் இல்லாத ஆளை எந்தக் கட்டத்துக்குள் போடுகிறது என்று நீர் விதானையாரைக் கேட்டது, அண்ணையின் பெயரைப் பதிய வந்து வாசலில் நின்ற என் காதில் விழுந்தது. அவர் தலையை ஆட்டினார். நீர் மூடியைப் போட்டுப் பேனையைச் சட்டைப்பையில் குத்தினீர்.

பிறகு பன்னிரண்டாம் நாள் வெளிக்கிட்டீர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நீர் இல்லை. அதைப் பற்றி இப்போது எழுதப் போவதில்லை.

ஒன்று கேட்கிறேன். அந்த இத்தாலி ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கக் கூடாதோ? எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு இராஜசிங்கம். கடிதங்கள் மாறிப் போய், ஒருவரின் கலியாணப் பேச்சை மற்றவரின் மனைவி வாசித்துச் சண்டை வந்தது. அடிக்க முன்னம் ஆரையும் கேட்டனீரோ?

மிளகாய்த்தூள் எப்படி? கொஞ்சம் கூடத்தான் வறுத்துவிட்டேன்.

புனிதவதி

*

ஆராவ்
22.6.1986, ஞாயிறு

மச்சாள்,

விசாரணைத் திகதி வந்துவிட்டது. செப்டம்பர் 4, வியாழன், காலை 9.30, பேர்ன். இன்னும் எழுபத்துநாலு நாள். உங்களுக்கு ஒரு கடிதம் போக மூன்று கிழமை. கணக்குப் பாருங்கள்.

இராஜசிங்கம் கதை நல்ல கதை. ஆனால் எண்கள் பொய் சொல்லாது. இரண்டு சிப்பாய், தலைக்குப் பத்து, இருபது. கட்டளை கொடுத்தவன் இருபது என்றால் அவனுடைய ஆட்கள் இருபதில் நிறுத்துவார்கள். ஜெர்மன்காரர் அப்படித்தான். பதினாலு பெயர் வெட்டி முடித்துவிட்டேன். இத்தாலிப் பெயர்களில் வளைவு குறைவு, உளிக்குச் சுகம்.

தையல் மெசின்காரரைப் பற்றி. ஓம், அவர் அங்கே கிடந்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேர்னில் மேசைக்கு முன்னால் இருக்கப் போவது நான். என்ன நடக்கும் தெரியுமா? பத்து என்று சொல்லுவேன். முதலில் ஒன்பது என்றாயே என்பார்கள். பத்தாவது ஆள் யார்? தெரியாது. எந்த ஊர்? தெரியாது. குடும்பம்? தெரியாது. அதிகாரி பேனையை வைத்துவிட்டு மொழிபெயர்ப்பாளரைப் பார்ப்பார். அவ்வளவுதான். என்னோடு சேர்ந்து வந்த ஒருவனுக்குத் தமையனின் வயதை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொன்னதற்காக மறுப்புக் கடிதம் வந்திருக்கிறது. இரண்டு வயது வித்தியாசம். அவன் இப்போது லாங்ஸ்ட்ராஸ என்ற தெருவில் தமிழ்க் கடைக்குப் பின்னால் ஒரு அறையில் ஒளிந்திருக்கிறான், கத்தரிக்காய்ப் பெட்டிகளோடு.

செத்துப்போன ஒருவரைச் சேர்ப்பதால் அவருக்கு ஒன்றும் வரப் போவதில்லை. எனக்கு எல்லாம் போகும்.

பன்னிரண்டாம் நாள் வெளிக்கிட்டதைச் சொல்லிக் காட்டுகிறீர்கள். படலையில் நின்று 'போம், திரும்பிப் பாராதையும்' என்று சொன்னது யார்? அடுத்தமுறை அவங்கள் வந்தால் இந்த வீட்டில் பிடிக்க ஆம்பிளை ஒருவன்தான் மிச்சம் என்று சொன்னது யார்? நான் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னதைச் செய்தேன். இப்போது அதுவும் பிழையா?

ஒன்பது. ஒரு கையெழுத்து. கெஞ்சிக் கேட்கிறேன் என்று எழுத வருகுதில்லை, ஆனால் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

பாலேந்திரன்

*

யாழ்ப்பாணம்
14.7.1986

தம்பி,

ஓம், போகச் சொன்னது நான்தான். அதில் பிழை இல்லை. நீர் போனதில் எனக்குக் கோபம் என்று இத்தனை நாளும் நானும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உமது கடிதத்தை வாசித்தபிறகு யோசித்துப் பார்த்தேன். கோபம் அதில் இல்லை. நீர் இல்லாதபோது நடந்ததை நான் உமக்குச் சொல்லவே இல்லை, நீர் கேட்கவும் இல்லை. அதில்தான்.

அன்று விடிய அந்த மனுசன் மெசினைக் கழற்றிப் போட்டுவிட்டு, பட்டி அறுந்துபோச்சுது, சந்திக் கடையில் இருக்கும், வாங்கிக்கொண்டு வாறன் என்றார். உமது அண்ணை, கடைக்காரன் உமக்குக் கூட விலை சொல்லுவான், நானும் வாறன் என்று கூடப் போனார். இரண்டு பேரும் ஒரு சைக்கிளில் போனார்கள். அவர் மிதித்தார், அண்ணை பாரில் இருந்தார். கண்ணிவெடிச் சத்தம் பிறகுதான் கேட்டது. வந்தவங்கள் சந்தியில் நின்றவர்கள் எல்லாரையும் நிறுத்திச் சுட்டாங்கள்.

பின்னேரம் ஊரடங்கு போட முன்னம் எரிக்க வேண்டியிருந்தது. விறகு காணாது. நீர் விதானையாரோடு நின்றீர், அதனால் உமக்குத் தெரியாது. அந்த மனுசனை எடுக்க ஆரும் வரவில்லை. ஒரு சைக்கிளில் வந்தவை, ஒரு விறகில் போகட்டும் என்று நான்தான் சொன்னேன். இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் எரித்தது. மறுநாள், நீர் பட்டியலோடு கந்தோருக்குப் போயிருந்த நேரம், காடாத்துக்கு எலும்பு பொறுக்கப் போனபோது எது எவருடையது என்று பிரிக்க முடியவில்லை. ஒரு முட்டியில்தான் எடுத்தது.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அண்ணையினுடையதைச் சொன்னேன். முட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர் தையல் மெசின் திருத்திறவர் ஐயா, பெயர் தெரியாது என்றேன். ஐயர் இன்னொரு தர்ப்பையை எடுத்தார். பிறகு இரண்டு பிண்டம் வைத்தார்.

நான் இப்போது ஒன்பது என்று கையெழுத்து வைத்தால், நான் கடலில் கரைத்த சாம்பலில் பாதி ஆருடையது?

அவருடைய சாமான் பெட்டி இன்னும் என் மெசினுக்குக் கீழே இருக்கிறது. மெசினும் கழற்றினபடிதான். கூட்டுகிறபோது தூக்கித் தூக்கி வைக்கிறேன். ஆரும் தேடி வரவில்லை.

புனிதவதி

*

ஆராவ்
20.7.1986, ஞாயிறு

மச்சாளுக்கு,

உங்களிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. அதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் எழுத மாட்டேன்.

வெள்ளிக்கிழமை கல் முடிந்தது. தூசு தட்டித் துடைத்து நிமிர்த்தி வைத்தேன். மைஸ்டர் வந்து பார்த்து, சுத்தமான வேலை என்றார். அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. எர்னெஸ்தோவைக் கூப்பிட்டேன். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். கல் வேலை செய்கிறவன் கல்லைத் தொடக் கை கழுவுவதில்லை, அன்றைக்குக் கழுவினான்.

வாசிக்கவில்லை. விரலை எழுத்துக்குள் விட்டு ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தான். எட்டாம் வரியில் நின்றான். ஒன்பதாவதைத் தடவினான். பத்தாவது. அடுத்த நிரலின் தலை. திரும்ப எட்டுக்கு வந்தான். என்னைப் பார்த்துக் கேட்டான்:

"இது எந்தப் பியேத்ரோ?"

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது.

தாத்தா பியேத்ரோ, எழுபத்தொரு வயது. மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயர், அவர்களுடைய ஊர் வழக்கம். பேரன் பியேத்ரோ பத்தொன்பது. எர்னெஸ்தோவின் தமையன். என்ன நடந்தது என்று, அந்தக் கல்லுக்கு முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து சொன்னான். படை வந்தபோது தமையனும் இவனும் வைக்கோல் பரணில் ஒளிந்திருந்தார்கள். மதிலோடு ஆட்களை நிறுத்தி எண்ணி முடித்தாகிவிட்டது. இருபது சரி. தாத்தா எட்டாவது. தமையன் பரணிலிருந்து இறங்கிப் போனான். தாத்தாவுக்குக் காது கேளாது, என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது, அதனால் போனானாம். பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். படையோடு வந்த மொழிபெயர்ப்பாளன், உன்னை எண்ணவில்லை, போடா என்றான். அவன் போகவில்லை. தாத்தாவின் கையை விடவில்லையாம்.

பாதிரியார் பட்டியலை எழுதியது அவர்கள் நின்ற வரிசையில். எட்டு, ஒன்பது.

மச்சாள், இருபது என்பது சுட வந்தவனுடைய கணக்கு. இருபத்தோராவது ஆள் அவனுடைய கணக்குக்கு வெளியே, தானாக வந்து நின்றவன். அவனைப் போகச் சொல்லி அவர்களாலேயே முடியவில்லை. நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் வெளியே எடுத்துவிட்டேன், நிரல் அழகாக வர வேண்டும் என்று.

எர்னெஸ்தோ கத்தவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். நாளையிலிருந்து கோடை விடுமுறை, ஊருக்குப் போகிறான். திரும்பி வந்து என்னோடு கதைப்பானோ தெரியாது.

நீங்கள் கேட்டீர்கள், அடிக்க முன்னம் ஆரையும் கேட்டனீரோ என்று. இல்லை. கேட்கவில்லை.

பாலேந்திரன்

*

யாழ்ப்பாணம்
6.8.1986

தம்பி,

உமது கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அந்தப் பெடியன் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் கடிதத்தை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

அந்த மனுசனிடம் மன்னிப்புக் கேட்டீரோ? அதை நீர் எழுதவில்லை. எழுதாததால் கேட்கவில்லை என்று எடுக்கிறேன். கேளும்.

சத்தியக் கடதாசி இதற்குள் இருக்கிறது. சமாதான நீதவானிடம் போய் வைத்தேன். திகதி, நேரம், தொகை எல்லாம் நீர் சொன்ன ஒழுங்கில்தான். தொகை பத்து. அவர் கண்ணாடியைக் கழற்றி, 'பிள்ளை, பேப்பரிலை ஒன்பதெல்லோ' என்றார். 'பேப்பர்காரர் வரேல்லை ஐயா, நான் அங்கை நிண்டனான்' என்றேன். முத்திரை குத்தினார்.

இதைக் கொடுத்தால் உமக்கு என்ன வரும் என்று எனக்கு விளங்காமல் இல்லை. உம்மைத் திருப்பி அனுப்பினால் இந்தப் படலைக்குத்தான் நீர் வருவீர், அதை நினைத்து இரவில் எழும்பிப் படலையைப் பார்க்கிறேன். அதனால் சொல்கிறேன்: வேண்டுமென்றால் கொடும், வேண்டாமென்றால் கிழித்துப்போடும். உம்மைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்பது என்று என்னிடமிருந்து வராது.

இன்னொன்று. பெட்டியைத் திறந்தேன். இத்தனை மாதம் பிறத்தியாருடையது என்று தொடாமல் வைத்திருந்தேன். திருகாணி, எண்ணெய்க் குப்பி, ஒரு சீப்பு. ஊசி டப்பாவுக்குள் நாலாக மடித்த கடைச் சிட்டை ஒன்று. எண்ணெய் ஊறிக் கடைப் பெயர் போய்விட்டது. கீழே 'நெல்லியடி' என்று ஊர்ப்பெயர் மட்டும் தெரிகிறது.

புனிதவதி

*

ஆராவ்
24.8.1986, ஞாயிறு

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. கீரிமலைக் கடிதத்தைப் பற்றி என்னால் இப்போது எழுத முடியாது. நான் ஏன் கேட்கவில்லை என்று யோசிக்கிறேன். விடை கெட்டதாக இருக்கிறது: கேட்டால் பத்து ஆகிவிடும் என்று தெரியும்.

எர்னெஸ்தோ வெள்ளிக்கிழமை திரும்பி வந்தான். மன்னிப்புக் கேட்டேன், என்னுடைய ஓட்டை ஜெர்மனில், அவனுடைய ஓட்டை ஜெர்மனுக்கு. அவன் மேலங்கியை ஆணியில் கொழுவினான். பிறகு, விடு, கல் போகட்டும் என்றான். ஊரில் பாதிப் பேர் இருபது என்றுதான் இப்போதும் சொல்கிறார்களாம், பள்ளிக்கூடத்திலும் இருபது என்றுதான் படிப்பிக்கிறார்களாம், ஒரு பெயரில் இரண்டு பேரும் இருக்கட்டும் என்றான். எனக்கு அது எவ்வளவு சுகம் என்று பாருங்கள், கல் முடிந்திருக்கிறது, உரித்துக்காரனே போதும் என்கிறான். நான் மாட்டேன் என்றேன். அவன் சிரிக்கவில்லை, ஆனால் தன்னுடைய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளினான். எனக்குப் பிடிக்காத பாற்கட்டி. தின்றேன்.

பத்மநாதனிடம் விசாரணையைப் பற்றிச் சொன்னேன். "உனக்கு விசரோ? ஒன்பது எண்டு சொல்லிப்போட்டு வா, பிறகு ஆறுதலாய்க் கவலைப்படு" என்றான். பிறகு, அனுப்பினாங்கள் எண்டால் உன்ரை கம்பளிச் சட்டை எனக்கு என்றான். கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

பயமாக இருக்கிறது. அதை மறைக்கவில்லை. திருப்பி அனுப்பினால் நான் வந்து நிற்கப் போவது எந்தச் சந்தி என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு கணக்கை இரண்டு நாட்டில் ஒரே கையால் பிழையாக எழுதியிருக்கிறேன். ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை விட என்னால் ஏலாது.

செய்யப் போவது:

1. நாளை பின்னேரம் கல்லின் முகத்தை ஐந்து மில்லிமீட்டர் அரைத்து எடுப்பேன். இருபது பெயரும் போகும். மைஸ்டர் மெசினைத் தருகிறார், சம்பள நேரம் தரவில்லை.

2. இருபத்தொரு பெயரையும் ஒரே நிரலாகத் திரும்ப வெட்டுவேன். பெயருக்கு ஒன்றரை மணி நேரம், மொத்தம் முப்பத்தொன்றரை. ஒன்பதாம் வரியை எர்னெஸ்தோ வெட்டுவான். கை நடுங்கினால் நடுங்கட்டும்.

3. பக்கத்தில் வயது போட மாட்டேன். எட்டு, ஒன்பது, அடுத்தடுத்து ஒரே பெயர். வாசிக்கிறவர்கள் பிழை என்று நினைத்தால் யாரையாவது கேட்கட்டும்.

4. செப்டம்பர் 4, காலை 9.30. எத்தனை பேர் என்று கேட்பார்கள். பத்து என்பேன். என் கையெழுத்தோடு ஒன்பது இருக்கிற தாளைக் காட்டுவார்கள். அது நான் எழுதியது, அது பிழை என்பேன். உங்கள் கடதாசியைக் கொடுப்பேன்.

5. 5ஆம் திகதி கல்லை லொறியில் ஏற்றக் கை கொடுப்பேன். எல்லை தாண்ட எனக்கு அனுமதி இல்லை. 7ஆம் திகதி ஞாயிறு காலை, அவர்களைச் சுட்ட 6.15க்கு, இங்கே விழித்திருப்பேன்.

6. நெல்லியடியில் தில்லைநாயகி ரீச்சரின் தம்பி பாலசிங்கம் என்னோடு படித்தவன். கார்த்திகைக்குப் பிறகு வீடு திரும்பாத தையல் மெசின்காரர் யார் என்று கடை கடையாகக் கேட்கச் சொல்லி இன்றைக்கே அவனுக்கு எழுதுவேன். நீங்கள் அந்தச் சிட்டையைக் காயவைத்துப் பத்திரமாக வையுங்கள்.

7. விதானையாரின் பட்டியலைத் திரும்ப எழுதி இதோடு அனுப்புகிறேன். பத்து வரி. அண்ணையின் பெயருக்கு அடுத்த வரியில் கோடு மட்டும் கீறியிருக்கிறேன், ஒரு பெயர் எழுதுகிற அளவுக்கு.

பாலேந்திரன்